விடு என்று சொல்லும் நரம்பு

ஜீவராணிக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் புருஷனோடு ஒரே கூரைக்குக் கீழே கிடந்த காலத்தையெல்லாம் கூட்டினால், ஒரு பிள்ளை பிறந்து எழுந்து நடக்கிற அளவுக்குத்தான் வரும். புருஷன் செத்துப்போகவில்லை. வேறொருத்தியோடு ஓடிப்போகவுமில்லை. கொழும்பில் வேலை செய்கிறான். மலையகத்தில் இதற்குப் பெயர் குடும்பம்.

புருஷன் அழகுமுத்து கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவான், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருவான். வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

ஜீவராணி இருப்பது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து மலை ஏறினால் பொழுது சாயும்வரை கொழுந்துதான். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் ஓரிடத்தில் முடி மெலிந்துவிட்டது. அழகுமுத்து வந்திருக்கும் நாட்களில், அவள் அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கும்போது பின்னால் வந்து நின்று அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிவிடுவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சுமை எங்கே உட்காரும் என்று மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரியும். அவன் போன பிறகு அந்த இடம் அவளுக்குத் தனியாக வலிக்கும். ஏக்கம், கீக்கம் என்றெல்லாம் அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. தலைவலி என்றுதான் சொல்வாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து அனுப்புவார்கள்.

மகள் தனுஜாவுக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்தால் காவடி எடுப்பதாக அழகுமுத்து அம்மனுக்கு நேர்ந்திருந்தான். கிடைத்தது. அதனால் போன திருவிழாவுக்கு, மொதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, காப்புக் கட்டும் நாளுக்கே வந்து சேர்ந்தான். கிட்டத்தட்ட இரண்டு வாரம். அவ்வளவு நாளை ஜீவராணி ஒன்றாகப் பார்த்ததில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதுப் பாய் ஒன்று வாங்கினாள்.

காப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாததல்ல. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் அவன் அம்மனுடைய ஆள். படுக்கை கோயில் மண்டபத்தில். மச்சம் மாமிசம் இல்லை. காலில் செருப்பு இல்லை. பெண்டாட்டி தொடக்கூடாது. கோயிலோ அவள் வீடு இருக்கும் லயத்து வரிசைக்கு நேர் கீழே. கொழுந்து மலையில் நின்றால் மஞ்சள் வேட்டியோடு அவன் தண்ணீர் சுமப்பது தெரியும். கூப்பிட்டால் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் அவன் இருந்து அவ்வளவு தூரத்தில் இருந்ததே இல்லை.

பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு சும்மா விடுவாளா?

"என்னா ராணி, மாப்புள்ள வந்தும் வராத கணக்கா ஆயிருச்சே. ஆத்தா ஒன்னைய முந்திக்கிட்டா பாத்தியா."

"எடுத்துக்கட்டும்க்கா. திருவிழா முடிஞ்சா திருப்பித் தந்துதானே ஆகணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. திருவிழா முடிந்தபின் மூன்று நாள் அவன் வீட்டில் இருப்பான். அந்த மூன்று நாளுக்காகத்தான் சுண்ணாம்பும் பாயும்.

காப்புக் கட்டிய இரண்டாம் நாள், பந்தலுக்கு மூங்கில் எடுத்துவரக் கோயில் ஆட்கள் போனார்கள். குறுக்குவழி கவ்வாத்து மலை வழியாக. கவ்வாத்து என்றால், வயதான தேயிலைச் செடியை மறுபடி தளிர்க்க வைப்பதற்காகக் கட்டையாக வெட்டிவிடுவது. வெட்டுண்ட குச்சிகள் ஈட்டி மாதிரி மண்ணில் கிடக்கும். செருப்பில்லாத பாதத்தில் ஒன்று ஏறியது. அழகுமுத்து பிடுங்கி எறிந்துவிட்டு மூங்கிலோடு நடந்தான். சாயந்தரம் அதே காலோடு சாணியை மிதித்துக் கரைத்துக் கோயில் வாசலை மெழுகினான். அது கோயில் வேலை. அதில் அசுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவன் நொண்டுவதை ஜீவராணி மலையிலிருந்தே பார்த்துவிட்டாள். வேலை முடிந்ததும் கூடையோடு கோயில் படிக்குக் கீழே போய் நின்று என்னவென்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல ராணி. ஒரு குச்சி."

வேறு நாளாக இருந்தால் அவள் கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டாள். காலை இழுத்து மடியில் வைத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்து, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, அவன் கத்தக் கத்த ஊக்கால் கிளறி எடுத்திருப்பாள். காப்புக் கட்டிய காலை எப்படித் தொடுவது? மஞ்சள் அரைத்து வாழையிலையில் வைத்துப் படியில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாளில் ஓட்டை மூடிக்கொண்டது. மூடியதும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

மூடியதுதான் வினை. மண்ணிலும் சாணியிலும் ஒரு கிருமி உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் சாகாமல், விதை மாதிரி ஓட்டுக்குள் சுருண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். காற்று பட்டால் அது முளைக்காது. ஆழமான குத்துக்காயம், உள்ளே ஒரு துண்டுக் குச்சி, மேலே தோல் மூடிவிட்டது என்றால் அதற்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. முளைக்கும். முளைத்து ஒரு விஷத்தைக் கக்கும். கிருமி பாதத்தை விட்டு ஓரடி நகராது. விஷம்தான் நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். காய்ச்சல் கிடையாது, சீழ் கிடையாது. டொக்டர்மார் டெட்டனஸ் என்றும், நம் ஆட்கள் ஏற்பு என்றும் சொல்லும் வியாதி இதுதான்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஜீவராணி தனுஜாவைச் சுமந்தபோது கிளினிக்கில் போட்டிருக்கிறார்கள். லயத்தில் பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் போட்டிருக்கிறார்கள். ஆம்பிளைகளுக்கு? அது பொம்பளை ஊசி என்பது லயத்துச் சட்டம். கத்தியும் மண்வெட்டியும் பிடிக்கிறவன் ஆம்பிளை, ஊசி பொம்பளைக்கு. இந்தச் சட்டத்தை எந்தத் துரையும் போடவில்லை. நாமே போட்டுக்கொண்டது.

திருவிழாவுக்கு முந்தின நாட்களில் அழகுமுத்து சாப்பாட்டை ஒதுக்கினான். பல்வலி என்றான். பிறகு கழுத்தைத் திருப்ப முடியவில்லை, மூங்கில் தூக்கியதால் என்றான். பிறகு எதையும் சொல்லவில்லை. வாய் திறக்கவில்லை. பூசாரி சோலைமலை நல்ல மனுஷர், அந்தப் பிரிவில் பாதிப்பேருக்கு மாமா முறை. அழகுமுத்து மௌன விரதம் பிடித்திருக்கிறான் என்று அவருக்குச் சந்தோஷம். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு முகத்தில் ஒரு சிரிப்பு நின்றது. முகத்தில் களை வந்துவிட்டது என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஜீவராணி தூரத்தில் நின்று பார்த்தாள். பெருமையாக இருந்தது. ஒரு பக்கம் பொறாமையாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து அவன் இவ்வளவு நேரம் சிரித்ததில்லையே என்று நினைத்தாள்.

திருவிழா அன்று காவடி கட்ட ஓடைக்கரைக்கு எல்லாரும் இறங்கினார்கள். தப்பு அடித்தார்கள், உறுமி உருட்டினார்கள். முதல் அடியிலேயே அழகுமுத்துவின் உடம்பு வில்லாக வளைந்தது. குதிகாலும் பின்தலையும் மட்டும் தரையில். பெண்கள் குலவை போட்டார்கள். ஆத்தா வந்துவிட்டாள் என்றார்கள். சோலைமலை விபூதி போட்டு, யார் வந்திருப்பது என்று கேட்டார். பதில் இல்லை. பல் கிட்டிப் போயிருந்தது. ஆத்தா வாயைக் கட்டியிருக்கிறாள், நன்றாக அடித்தால் பேசுவாள் என்று சொல்லிப் பறைக்காரர்களைக் கிட்டே கூப்பிட்டார். அடித்தார்கள். அடிக்க அடிக்க வளைந்தான்.

ஜீவராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கும்பிடத்தான் வந்தாள். கையைக் கூப்பியபோது அழகுமுத்துவின் கண் அவளைக் கண்டது. கண்டு, பிடித்துக்கொண்டது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள், கண் கூடவே வந்தது. கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

சாமி வந்தவர்களை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அவர்களுக்கு ஆளைத் தெரியாது. பெற்ற தாயைத் தெரியாது. கண் எங்கோ இருக்கும். இவனுக்கு ஆளைத் தெரிந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் அது இல்லை. உள்ளே அவளுடைய புருஷன் முழுசாக இருந்தான். வலியோடு இருந்தான்.

"மாமா, தப்ப நிறுத்தச் சொல்லுங்க."

"ஆத்தா வந்திருக்கா ராணி. கிட்ட வராத."

"இது ஆத்தா இல்ல மாமா. இவருக்கு என்னையத் தெரியுது."

காப்புக் கட்டியவனை அத்தனை பேருக்கு முன்னால் அள்ளி மடியில் போட்டாள். மரக்கட்டையைத் தூக்கியது போல இருந்தது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மேளம் தானாக ஓய்ந்தது. ஓய்ந்ததும் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. யாரோ உறுமியைக் கீழே வைத்தார்கள். அது கல்லில் பட்டு ஒரே ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மறுபடி வளைந்தான். இதை எல்லாரும் பார்த்தார்கள். முதலில் புரிந்துகொண்டவர் சோலைமலைதான். குனிந்து, அவன் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே அவிழ்த்தார்.

"பொறுத்துக்க ஆத்தா. ஆள் பொழச்சா நேர்த்தி தீரும்."

பூசாரி அதைச் செய்யாமல் விட்டிருந்தால் ஒருவரும் அவனைத் தூக்க வந்திருக்க மாட்டார்கள். தோட்டத்துக்கு ஒரு லொறி உண்டு, கொழுந்துக்கு. ஆளுக்கு வண்டி கிடையாது. கடைக்காரருடைய வேனில் ஏற்றினார்கள். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் அவன் வளைந்தான். ஜீவராணி ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் அவன் தலையை இறுக்கிப் பிடித்தாள். பிடிப்பதும் வலிக்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்த பார்வையிலேயே, எங்கே காயம் என்று கேட்டார். காயம் எதுவும் இல்லை என்றார்கள் கூட வந்தவர்கள். ஜீவராணி பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். பயறு அளவு தழும்பு. அதைக் கீறினால் உள்ளே கறுத்துப்போன குச்சித் துண்டு. கழுவி, ஊசி போட்டு, அம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டியில் சிங்கள டொக்டர் ஒருவர் ஜீவராணியையும் மகளையும் உட்காரவைத்து விளக்கினார். தனுஜா தமிழில் சொல்லச் சொல்ல ஜீவராணி கேட்டாள். மனுஷ உடம்பில் ஒவ்வொரு தசைக்கும் எதிரே ஒரு தசை உண்டு. ஒன்று இறுகும்போது மற்றது தளர வேண்டும். அப்போதுதான் கை மடங்கும், வாய் திறக்கும். இறுகு என்று சொல்ல ஒரு நரம்பு இருப்பது போல, விடு என்று சொல்லவும் ஒரு நரம்பு உண்டு. இந்த விஷம் முதுகுத்தண்டுக்குப் போய், விடு என்று சொல்லும் நரம்பின் வாயை அடைத்துவிடுகிறது. அப்புறம் இறுகு, இறுகு, இறுகு மட்டும்தான். தாடைக்குப் போகும் நரம்புதான் குட்டை, அதனால் அது முதலில் பூட்டிக்கொள்ளும். சத்தம், வெளிச்சம், தொடுதல், எது பட்டாலும் மொத்த உடம்பும் இறுகும். மூளையை அது தொடாது. அவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம் வலிக்கும்.

ஜீவராணி ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள போன வெஷத்த எடுக்க ஏலாதா?"

எடுக்க முடியாது என்றார் டொக்டர். போட்ட மருந்து, இன்னும் நரம்புக்குள் போகாத விஷத்தைத்தான் பிடிக்கும். உள்ளே போய்விட்டது போனதுதான். மயக்கத்தில் வைத்து, மெஷினால் மூச்சு கொடுத்து, காத்திருக்க வேண்டும். நரம்பின் நுனி புதிதாக முளைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், நெஞ்சு தாங்கினால்.

கவ்வாத்து வெட்டிய செடியை அவளுக்குத் தெரியும். வெட்டிவிட்டு நாளைக்கே கொழுந்துக்குப் போய் நிற்க முடியாது. அவசரப்பட்டு ஆவது ஒன்றுமில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது. தாங்கினால் என்ற சொல்தான் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள மனசு ஒப்பவில்லை.

திரை போட்ட அறை. உள்ளே போக ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் விடுவார்கள். அந்த வார்டு நர்ஸ் பிரியந்தி மிஸி கூடவே வந்து நிற்பாள்.

"அம்மா, தொட வேணாம். பேச வேணாம். பாக்க மட்டும்."

முதல் நாள் ஜீவராணியின் கண்ணாடி வளையல் குலுங்கிய சத்தத்துக்கு அவன் விரல்கள் மடங்கிக்கொண்டன. வெளியே வந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தனுஜாவின் பைக்குள் போட்டாள். திருவிழாவுக்கென்று வாங்கிப் போட்டவை. பார்க்க வந்திருந்த அம்மாக்கண்ணு பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். புருஷன் உயிரோடு கிடக்கும்போது வெறுங்கையா, வாயால் சொல்லவே கூடாத காரியம் என்றாள். ஜீவராணி கையை விடுவித்துக்கொண்டாள். தாலிக்கொடியும் நெஞ்சில் ஆடிச் சத்தம் போடுமோ என்று அதைத் துணியால் சுற்றி உள்ளே சொருகிக்கொண்டாள்.

அப்படியே வாரங்கள் போயின. வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது, அது தெரிந்ததுதான். உள்ளே போகிற நேரம் வந்தால் செருப்பைக் கழற்றி, மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு கட்டிலுக்கு ஓரடி தள்ளி நிற்பாள். கொழும்பு தூரம், கோயில் தூரம், இப்போது இந்த ஓரடி. மூன்றிலும் இதுதான் நீளம். கை தானாக முன்னால் போகும். இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொள்வாள். ஒரு நாள் அவன் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடியது, டொக்டர்மார் ஓடிவந்தார்கள், அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்குத்தான் அவள் அம்மனைத் திட்டினாள். வாய்க்குள்ளேயே திட்டினாள். சத்தம் உள்ளே போய்விடக்கூடாது.

தாங்கியது. நரம்பு முளைத்தது. முதலில் விரல் விட்டது, பிறகு கை, பிறகு முதுகு. ஒரு காலையில் பிரியந்தி மிஸி திரையைக் கொஞ்சம் விலக்கி, இனித் தொடலாம் என்று தலையை ஆட்டினாள். ஜீவராணிக்கு எங்கே தொடுவதென்று தெரியவில்லை. பாதத்தில் கை வைத்தாள். உடம்பு வளைகிறதா என்று பார்த்தாள். வளையவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்த பிறகு அவனுடைய முதல் பேச்சு கரகரவென்று வந்தது.

"தலவலி இருக்கா ராணி?"

"இல்ல," என்றாள். பொய்தான்.

வீட்டுக்கு வந்தும் அவனால் வேலி வரை நடப்பதே பெரிய பாடு. புதுப் பாயில் படுத்துக் கிடந்தான். காலையில் அவள் பெரட்டுக்குப் போகும்போது இருந்தான், திரும்பி வரும்போதும் இருந்தான். இருபது வருஷமாக அவள் கேட்டது இதுதான். இந்த விலைக்குக் கேட்கவில்லை. ஆனாலும் கூடையை இறக்கிவிட்டுக் கதவைத் தள்ளும்போது உள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டால் நெஞ்சு நிறைந்துவிடும். அந்தச் சந்தோஷம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. மனுஷன் செத்துப் பிழைத்துக் கிடக்கிறான்.

இன்னொன்றையும் டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மை மாதிரி இல்லை இது. ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது என்ற கணக்கு இதில் செல்லாது. ஆளைக் கொல்லப் போதுமான விஷம் கூட, உடம்பு அடையாளம் கண்டு பாடம் படிக்கப் போதாத அளவு சின்னது. ஊசிதான் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். கண்டியிலேயே முதல் ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டாவதுக்கு டிக்கோயாவுக்குப் போகும்போது சோலைமலை மாமாவும் லயத்து ஆம்பிளைகள் சிலரும் கூட வந்தார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பொம்பளைகள் வரிசையில் அவர்கள் நின்ற நிற்பை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஊசி உள்ளே போய்விட்டது.

ஊசி போட்ட மிஸி, மூன்றாவது ஊசிக்கு ஆறு மாசமாவது ஆக வேண்டும், எங்கே இருந்தாலும் அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம் என்று அழகுமுத்துவிடம் விளக்கமாகச் சொன்னாள். ஜீவராணி பக்கத்தில்தான் நின்றாள்.

பஸ் ஏறப் போகும் வழியில் கொழும்பு மொதலாளியின் கோல் வந்தது. உடம்பு தேறிவிட்டதா, மூட்டை தூக்க முடியாவிட்டால் கணக்குப் பார்க்கிற இடத்தில் உட்காரலாம், அடுத்த கிழமை வா என்றார். அழகுமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான்.

ஜீவராணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூணாவது ஊசி போடுற வரைக்கும் தோட்டத்த விட்டுப் போகக்கூடாதாம். மிஸி சொன்னாங்க."

மிஸி என்ன சொன்னாள் என்பது அவன் காதிலும் விழுந்ததுதான். அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் கழுத்து சிவந்துபோய், முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனைக் காதில் வைத்தான்.

"வர ஏலாது மொதலாளி. ஊசி பாக்கி இருக்கு. அது எங்க தோட்டத்துப் பக்கம் மட்டுந்தான் போடுவாங்களாம்."

மறுபக்கத்திலிருந்து என்ன சொன்னார்களோ, அவன் போனை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டான். ஆறு மாசத்துக்குப் பிறகு அவன் போக வேண்டியிருக்கும். தோட்டத்துச் சம்பளத்தில் இரண்டு பேர் வாழ வழி இருந்தால் முதலிலேயே போயிருக்க மாட்டான். அது ஜீவராணிக்கும் தெரியும். பஸ் வந்தது. இருவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது.